ரொட்டிக்கு முன்னும், இரண்டு மணி நேரத்துக்குப் பின்னும்

இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வெறும் வயிற்றுச் சீனி 100க்கும் 125க்கும் இடையில் இருந்தால், அந்தத் தாளை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். "இன்னும் சீனி வருத்தம் வரலையாம்" என்ற ஆறுதலோடு பேச்சு முடிந்துவிடும். 126ஐத் தொட்டவருக்குக் கிளினிக் கொப்பி உண்டு, மாத்திரை உண்டு, மாதாமாதம் வரிசையில் நிற்கும் கடமையும் உண்டு. அதற்குக் கீழே நிற்பவருக்கு, "சாப்பாட்டைக் கொஞ்சம் கவனிங்க" என்ற ஒரு வாக்கியம் மட்டுமே கிடைக்கிறது. எந்தச் சாப்பாட்டை, எவ்வளவு, எப்படிக் கவனிப்பது என்று விளக்க வைத்தியருக்கு நேரமில்லை. வெளியே இன்னும் எண்பது பேர் நிற்கிறார்கள்.

இலங்கை மலைநாட்டில் ஹட்டனை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் எனக்கு, வெறும் வயிற்றில் 112 என்றும், இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 6.0 வீதம் என்றும் ரிப்போர்ட் வந்தபோது, அதே வாக்கியம்தான் கிடைத்தது. அந்த வாக்கியத்துக்கு விரல் நுனி இரத்தத்தில் சீனி பார்க்கும் ஒரு குளுக்கோமீற்றரை வீட்டில் வைத்துக்கொண்டு நானாகத் தேடிக்கொண்ட விளக்கத்தையே இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்லன். மாத்திரை குடிப்பவர்களுக்கும், இன்சுலின் போடுபவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கு அவர்களுடைய கிளினிக் சொல்வதே சரி.

முதலில் எண்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வரையறைப்படி, வெறும் வயிற்றில் டெசிலீற்றருக்கு 100 முதல் 125 மில்லிகிராம் வரை, அல்லது 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு 140 முதல் 199 வரை, அல்லது எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வீதம் வரை இருந்தால் அது முன்நீரிழிவு. உலக சுகாதார நிறுவனம் வெறும் வயிற்று எல்லையை 110இல் தொடங்குகிறது. ஒரே ரிப்போர்ட்டைப் பார்த்து ஒரு வைத்தியர் "பரவாயில்லை" என்றும், இன்னொருவர் "கவனம்" என்றும் சொல்வதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த மீற்றர் 6.2 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். அது மில்லிமோல் கணக்கு, 18ஆல் பெருக்கினால் நமக்குப் பழக்கமான எண் வந்துவிடும்.

இந்த நிலையில் சாப்பாடும் நடையும் உண்மையிலேயே எதையாவது மாற்றுமா என்ற சந்தேகம் நியாயமானது. 2002இல் முடிவுகள் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டார்கள். உடல் எடையில் 7 வீதத்தைக் குறைப்பதையும் வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பையும் இலக்காகக் கொண்ட குழுவில், நோயாக முற்றும் வாய்ப்பு 58 வீதம் குறைந்தது. மெட்ஃபோமின் மாத்திரை கொடுக்கப்பட்ட குழுவில் 31 வீதம். நம்மைப் போன்ற உடல்வாகும் சோற்றுப் பழக்கமும் உள்ளவர்களிடையே சென்னையில் நடந்து 2006இல் வெளிவந்த ஆய்வில், வாழ்க்கைமுறை மாற்றத்தின் பயன் 28.5 வீதம். அமெரிக்க எண்ணை விட இது சிறியது என்றாலும், அந்த ஆய்விலும் மாத்திரை அதைவிட மேலாக எதையும் சாதித்துவிடவில்லை. தெற்காசியர்களான நமக்கு இந்த நோய் இளவயதிலும் மெலிந்த உடம்பிலும் வந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், "நான் குண்டு இல்லையே" என்ற சமாதானத்துக்கு இடமில்லை. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்றிமீற்றரையும் பெண்களுக்கு 80ஐயும் தாண்டினாலே நம் இனத்தவருக்கு எச்சரிக்கைதான்.

மீற்றருக்கு வருகிறேன். அதை வாங்குபவர்களில் பெரும்பாலோர், தினமும் காலையில் ஒரு தடவை விரலைக் குத்தி, எண்ணைப் பார்த்து, கூடினால் கவலைப்பட்டு, குறைந்தால் மகிழ்ந்து, இரத்தத் துளியை வாங்கும் ஸ்ட்ரிப் தீர்ந்ததும் பெட்டியை மேசை லாச்சிக்குள் போட்டுவிடுகிறார்கள். இந்தப் பயன்பாட்டில் மீற்றரால் நமக்குச் சொல்ல முடிந்தது மிகக் குறைவு. வீட்டு மீற்றர்களுக்கான 2013ஆம் ஆண்டின் சர்வதேசத் தரநிலை, 100க்கு மேற்பட்ட அளவுகளில் 95 வீதமான வாசிப்புகள் ஆய்வுகூட முடிவிலிருந்து 15 வீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அனுமதிக்கிறது. அதாவது ஆய்வுகூடத்தில் 110 என்று வரும் இரத்தம், தரமான மீற்றரிலேயே 94 என்றும் வரலாம், 126 என்றும் வரலாம். ஒன்று ஆரோக்கியம், மற்றது நீரிழிவு. நமக்கு வருத்தம் இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி இந்தக் கருவிக்கு இல்லை. அந்தக் கேள்வியை ஆய்வுகூடத்திடம்தான் கேட்க வேண்டும்.

மீற்றரிடம் கேட்கக்கூடிய கேள்வி வேறு: இந்தத் தட்டு என் இரத்தத்தில் என்ன செய்கிறது? சாப்பிடுவதற்குச் சற்று முன் ஒரு வாசிப்பு, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்தில் இன்னொரு வாசிப்பு. இரண்டும் ஒரே மீற்றர், ஒரே ஸ்ட்ரிப் போத்தல், ஒரே கை. எண்களை விட, அவற்றுக்கு இடையிலான ஏற்றத்தைப் பார்க்க வேண்டும். அதே சாப்பாட்டில் ஒன்றே ஒன்றை மாற்றி, வேறொரு நாளில் அதே நேரத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். ரொட்டியையும் குறைத்து, தேநீரில் சீனியையும் விட்டு, நடக்கவும் போனால் எண் நிச்சயம் இறங்கும். ஆனால் எது இறக்கியது என்று தெரியாது, மூன்றையும் வாழ்நாள் முழுக்கக் காவ வேண்டியதாகிவிடும். ஒரே ஒரு சோடி வாசிப்பை வைத்து முடிவெடுப்பதும் சரியில்லை. தூக்கம் கெட்டதும், சளிக் காய்ச்சலும், வீட்டுச் சண்டையும்கூட எண்ணை ஏற்றும். ஒரே உணவு இரண்டு மூன்று தடவையும் ஒரே கதையைச் சொன்னால்தான் நம்பலாம்.

ஸ்ட்ரிப்பின் விலையைப் பார்த்தாலும் இந்த முறைதான் கட்டுப்படியாகும். 2024இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. ஒரு பெட்டி ஸ்ட்ரிப் அதில் சில நாட்களை விழுங்கிவிடும். மீற்றரை மலிவாகக் கொடுத்துவிட்டு ஸ்ட்ரிப்பில் பணம் பார்ப்பது இந்த வியாபாரத்தின் இயல்பு. ஆகவே வாங்கும்போது மீற்றரின் விலையை விசாரிக்காமல், அதற்குரிய ஸ்ட்ரிப் நம் டவுன் பாமசியில் எப்போதும் கிடைக்குமா, பெட்டி என்ன விலை என்று விசாரிப்பதே புத்தி.

மலைநாட்டில் இந்தக் கருவியோடு சில சிக்கல்கள் உண்டு. அவை கையேட்டில் சிறிய எழுத்தில் இருக்கும். பெரும்பாலான மீற்றர்கள் ஏறக்குறைய 10 பாகை செல்சியசுக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. நுவரெலியாப் பக்கம் தை, மாசி மாதப் பனிக் காலையில் தகரக் கூரையின் கீழே வைத்திருந்த மீற்றர் பிழைக் குறியைக் காட்டினால், அதைக் குறை சொல்ல முடியாது. சட்டைப் பைக்குள் சிறிது நேரம் வைத்திருந்து எடுத்தால் சரியாகிவிடும். ஸ்ட்ரிப்புக்கு எதிரி ஈரம். அதில் பூசப்பட்டுள்ள நொதி காற்றின் ஈரத்தில் கெட்டுப்போகும். அதனால்தான் போத்தல் மூடிக்குள் ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்திருக்கிறார்கள். ஆனி, ஆடி மழையில் சுவரே வியர்க்கும் எங்கள் வீடுகளில், போத்தலைத் திறந்து போட்டுவிட்டு அலுமாரியில் பருத்தித் துணி தேடப் போகக்கூடாது. ஒன்றை எடுத்தவுடன் மூட வேண்டும், திறந்த திகதியைப் போத்தலில் எழுதவும் வேண்டும்.

கொழுந்து பறிக்கும் என் சித்தியின் விரல்களில் இதைச் செய்தபோதுதான் வேறொரு விடயம் தெரிந்தது. முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் தோல் தடித்து, வெடித்து, வெடிப்புக்குள் சாயக்கறை கறுப்பாக ஏறியிருக்கும். அந்த நுனியில் ஊசி இறங்காது. இறங்கினாலும் இரத்தம் வராது. மோதிர விரலின் பக்கவாட்டில், நகத்துக்குச் சற்றுத் தள்ளி, ஊசியின் ஆழத்தை ஒரு படி கூட்டிவைத்துக் குத்தினால் மணி போல ஒரு துளி வரும். அதற்கு முன் இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவித் துடைக்க வேண்டும். சூடு இரத்த ஓட்டத்தைக் கூட்டும்; கழுவுவது விரலில் ஒட்டிய சீனியை நீக்கும். வாழைப்பழம் உரித்த கையோடு குத்தினால் பழத்தின் சீனியும் கணக்கில் சேர்ந்துவிடும். இரத்தம் வராவிட்டால் விரலைப் பிழியக்கூடாது. தோலுக்கடியில் உள்ள திசுநீர் கலந்து வாசிப்பைக் கெடுக்கும். கையைத் தொங்கவிட்டு உதறினால் போதும்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டில் மீற்றர் இருந்தால் அது நான்கு வீட்டுக்குப் பொதுவாகிவிடும். அந்த ஒற்றுமையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊசியும் அதைப் பொருத்தும் பேனாவும் ஒருவருக்கு மட்டுமே உரியவை. ஹெப்படைட்டிஸ் பி போன்றவை இந்த வழியாகவே பரவும். பாவித்த ஊசியை வடிகானுக்குள் எறியக்கூடாது. பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் இடம் அது. தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடி வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கேட்டுக் கொடுத்துவிடலாம்.

இனித் தட்டு. எங்கள் காலைச் சாப்பாடு கோதுமை மா ரொட்டியும் சம்பலும் சீனி போட்ட தேநீரும். தோட்டத்தில் மாவும் அரிசியும் கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்ட காலத்திலிருந்து ஊறிப்போன சாப்பாடு. மலையேறுகிற உடம்புக்கு மதியம் வரை தாங்குகிற சாப்பாடு. எங்கள் வீட்டில் மாவை நிறுத்துப் பார்த்தேன். ஒரு ரொட்டிக்கு ஏறக்குறைய 80 கிராம் மா போகிறது. அதில் 60 கிராம் மாச்சத்து. இரண்டு ரொட்டி என்றால் 120 கிராம். மலைச் சரிவில் கூடையோடு ஏறி இறங்கும் சித்தி அதை எரித்துவிடுவார். கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் நான் என்ன செய்வேன்? இரண்டு ரொட்டிக்கும் சம்பலுக்கும் என் இரத்தம் 104இலிருந்து 171க்குப் போனது. ஒரு ரொட்டியும், அவித்த கடலை ஒரு கோப்பையும், ஒரு முட்டையும் என்று மாற்றியபோது 138இல் நின்றது. பசியும் இடைவேளை மணி அடிக்கும் வரை எட்டிப் பார்க்கவில்லை. 140 என்பது குளுக்கோஸ் கரைசல் குடித்துச் செய்யும் பரிசோதனைக்கான எல்லை. வீட்டுச் சாப்பாட்டுக்கு அதை ஓர் அடையாளக் கல்லாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

குரக்கனைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சீனி என்றதும் எல்லோரும் குரக்கன் மாவைத்தான் கையில் திணிக்கிறார்கள். நார்ச்சத்தும் கல்சியமும் அதில் கூடுதல் என்பது உண்மை. ஆனால் மாச்சத்து கோதுமையை விடப் பெரிதாகக் குறைந்ததல்ல. குரக்கன் என்ற தைரியத்தில் மூன்று ரொட்டி சாப்பிட்டால் மீற்றர் அந்தத் தைரியத்தை மதிப்பதில்லை. கஞ்சியாகக் காய்ச்சிச் சர்க்கரை கலந்தால் இன்னும் மோசம். கடையில் வாங்கும் பாக்கெட்டில் கோதுமை மா கலந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தேநீருக்கு வருவோம். நாம் பறிக்கும் கொழுந்தில் சீனி இல்லை, கோப்பையில்தான் இருக்கிறது. கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு ஆறு கோப்பை என்றால் ஏறக்குறைய 50 கிராம் சீனி. உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டல், சேர்க்கப்படும் சீனி நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பதே நல்லது என்கிறது. சோறு, ரொட்டியைத் தொடாமல் தேநீரை மட்டும் திருத்தினாலே கணிசமான மாற்றம் வரும் என்பதால், எல்லோருக்கும் இதையே முதற்படியாகச் சொல்வேன். ஒரேயடியாக நிறுத்த முடியாதவர்களுக்கு எங்கள் பாட்டிமார் வழி உதவும்: சீனி போடாத சாயத் தேநீரைக் குடித்துக்கொண்டு, உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து இடையிடையே நாக்கில் தொட்டுக்கொள்வது. கரைத்துக் குடிப்பதில் பாதிகூடச் செலவாகாது. கித்துல் கருப்பட்டி நல்லது, சீனிதான் கூடாது என்ற நம்பிக்கையை மட்டும் விட்டுவிட வேண்டும். இரத்தத்துக்கு இரண்டும் சீனிதான். சோடாப் போத்தல்களில் 2016 முதல் ஒட்டப்படும் நிறக் குறியும் இதற்கு உதவும். சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி.

மதியத் தட்டில் நுவரெலியா மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. சோறு, உருளைக்கிழங்குக் கறி, சில நாளில் பக்கத்தில் அவித்த மரவள்ளியோ பலாக்காயோ. இரண்டு கறி வைத்திருக்கிறோம் என்று நினைக்கிறோம். இரத்தத்துக்கு அது மூன்று சோறு. நான் செய்தது, சோற்றைக் கோப்பையால் அளந்து ஒன்றரையாக்கி, கிழங்கு சமைக்கும் நாளில் ஒன்றாகக் குறைத்து, காலியான இடத்தில் நம் மண்ணில் விளையும் போஞ்சி, கோவா, லீக்ஸ், நோக்கோல் ஆகியவற்றைப் போட்டதுதான். பருப்பும் நெத்தலியும் தினமும் உண்டு. மரக்கறியையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போனால் ஏற்றம் மெதுவாகிறது என்று ஆய்வுகள் சொல்வதை என் மீற்றரும் ஒத்துக்கொண்டது. சோற்றைக் கடைசியில் தனியாகச் சாப்பிடுவது எனக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு கதை. ஆகவே பாதிக் கறியை முன்னால் சாப்பிட்டு, மீதியைச் சோற்றோடு பிசைந்துகொள்கிறேன். புழுங்கலரிசிச் சோறு எனக்குப் பச்சரிசியை விடக் குறைவாக ஏற்றியது. சிவப்பரிசியின் பயன், அளவு கூடினால் மறைந்துவிடுகிறது.

"என்னா தம்பி, சோத்தையும் ரத்தத்தையும் சேத்துக் கணக்குப் பாக்குற?" என்று அம்மா கேட்பார். கணக்குப் பார்க்கும் காலம் நிரந்தரமல்ல. வழக்கமாகச் சாப்பிடும் பத்துப் பன்னிரண்டு உணவுகளின் குணம் தெரிந்த பிறகு, விரலைக் குத்த அவசியமே இல்லை.

சித்தியின் ரிப்போர்ட் வேறு வகையான பாடம். அவருடைய எச்பிஏ1சி 6.1. ஆனால் வெறும் வயிற்றிலும் சாப்பாட்டுக்குப் பின்னும் வீட்டில் பார்த்த எண்கள் சாதாரணம்; ஆய்வுகூடத்து வெறும் வயிற்றுச் சீனியும் 91. எழுதி வைத்த கொப்பியைக் காட்டியபோது, வைத்தியர் ஹீமோகுளோபினைப் பார்க்கச் சொன்னார். இரத்தச் சோகை. இரும்புச் சத்துக் குறைந்தால் சிவப்பணுக்கள் நீண்ட நாள் சுற்றுகின்றன. அதிக நாள் சீனியில் ஊறுவதால் எச்பிஏ1சி உண்மையை விடக் கூடுதலாகத் தெரியும். மாறாக, சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்களில் குறைத்துக் காட்டும். கடுமையான இரத்தச் சோகை சில மீற்றர்களின் வாசிப்பையும் உயர்த்தும் என்பதால், ஆய்வுகூட எண்ணையும் சேர்த்துப் பார்த்தது நல்லதாயிற்று. தோட்டப் பெண்களிடையே இரத்தச் சோகை எவ்வளவு சாதாரணம் என்பதை நினைத்தால், எச்பிஏ1சியை மட்டும் வைத்துப் பேசும் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் இந்தக் கேள்வி எழ வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர் இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கிறது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொன்னார்கள். மலையில் ஒன்பதரை மணிக்குக் கிடைக்கும் அந்த ஒரே இடைவேளையில் ரொட்டியையும் தேநீரையும் எப்படிப் பிரிப்பது என்று சித்தி திருப்பிக் கேட்டதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. தேநீரை வீட்டிலேயே முந்திக் குடித்துவிட்டு, மலைக்கு வெந்நீர் கொண்டுபோகிறார்.

சாப்பிட்ட பிறகு நடப்பது பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். வேலை செய்யும் தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே இரத்தத்திலிருந்து சீனியை இழுத்துக்கொள்ளும்; பதினைந்து நிமிடம் போதும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தேயிலை ரோட்டில் நடக்கச் சொல்லும் ஆலோசனையை எழுதியவர் சிறுத்தையையும் காட்டுப் பன்றியையும் அறியாதவராக இருக்க வேண்டும். லயத்து வாசலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாலும் அதே பலன்தான், துணைக்குப் பேச்சும் கிடைக்கும்.

இத்தனைக்கும் பிறகு காலை எண் மட்டும் இறங்காமல் நிற்பது பலருக்கும் மனச்சோர்வைத் தருகிறது. விடியற்காலையில் கோட்டிசோல் முதலான ஹோர்மோன்கள் உயர, கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சீனியை வெளிவிடுகிறது. இரவு எதுவும் சாப்பிடாதவருக்கும் இது நடக்கும். சாப்பாட்டுக்குப் பின்னான எண்கள் முதலில் சீராகும், எடை குறையக் குறைய காலை எண் பின்னால் வரும். அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரின் மெட்ஃபோமினை வாங்கிப் போடும் பழக்கம் வேண்டாம். மீற்றர் காலையில் 126க்கு மேல் திரும்பத் திரும்பக் காட்டினால், அல்லது எந்த நேரத்திலாவது 200ஐத் தாண்டினால், அல்லது தாகமும் அடிக்கடி சிறுநீரும் எடைக் குறைவும் சேர்ந்தால், கொப்பியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 2011 முதல் அரசாங்க வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் 35 வயதைத் தாண்டியவர்கள் இலவசமாகவே பரிசோதித்துக்கொள்ளலாம்.

மருந்து இல்லாத முன்நீரிழிவுக்காரருக்கு வருடத்துக்கு ஒரு தடவையாவது ஆய்வுகூடப் பரிசோதனை தேவை. என்னுடைய அடுத்த பரிசோதனையைச் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னால் செய்வதா பின்னால் செய்வதா என்று வீட்டில் ஒரு விவாதம் நடக்கிறது. எச்பிஏ1சி இரண்டு மூன்று மாதச் சராசரி என்பதால், இரண்டு நாள் பலகாரத்தால் அது பெரிதாக அசையாது என்று நான் சொல்கிறேன். கடைசி ஒரு மாதத்தின் பங்குதான் அதில் கூடுதல் என்று என் மனைவி எங்கோ படித்திருக்கிறார், அதுவும் சரிதான். ஆகவே பங்குனியிலேயே போவதாக முடிவாகியிருக்கிறது.